இங்கு தட்டுப்பாடு இல்லை

அரசாங்கம் கவிழ்ந்த வாரத்தில் நகரத்திலேயே முகம் மலர்ந்திருந்த ஒரே மனிதர் போர்டுக்காரர்தான். பெயர்ப்பலகை, ஸ்டிக்கர், பேனர் செய்து கொடுக்கும் கடை அவருடையது. அமைச்சர் ஒருவர் போனால் அவர் பெயரைச் சுரண்ட வேண்டும். இன்னொருவர் வந்தால் அவர் பெயரை ஒட்ட வேண்டும். போகிறவரும் வாடிக்கை, வருகிறவரும் வாடிக்கை. "ஆட்சி நிலையா இருந்துட்டா நம்ம பொழப்பு ஆடிப்போயிடும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்போடுதான் ஒரு சனிக்கிழமை மருந்துக்கடைக்குப் போனார். திரும்பி வரும்போது அது அவரிடம் இல்லை.

அவர் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் டீச்சர். வீட்டில் அவருக்கும் டீச்சர்தான். டீச்சருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொண்டால் நோய் தன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். பல வருடங்களாக அப்படித்தான் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அது தெரியாது.

மருந்துக்கடைக்காரர் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

"வரலை."

"எப்பண்ணே வரும்?"

"போன வாரம் 'நாளைக்கு'ன்னு சொன்னாங்க. இந்த வாரம் அதையும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அந்த நாட்டில் தினமும் சாப்பிட வேண்டிய மருந்துகளெல்லாம் அரசாங்கக் கிடங்கிலிருந்துதான் கடைகளுக்குப் போகும். கவிழ்ந்த கூட்டணி இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பிரிவு காலையில் பெரிய மண்டபத்தில் கூடி அமைச்சரவை அமைத்தது. இன்னொரு பிரிவு அதே நாள் மாலையில் தலைவர் வீட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு இன்னொரு அமைச்சரவை அமைத்தது. ஆக, சுகாதாரத்துக்கு இரண்டு அமைச்சர்கள். ஜனங்கள் குழப்பமில்லாமல் ஒருவரைக் காலை அமைச்சர் என்றும் மற்றவரை மாலை அமைச்சர் என்றும் அழைக்கத் தொடங்கினார்கள். எது உண்மையான அரசாங்கம் என்று நீதிமன்றம் தீர விசாரித்து, விசாரணையைத் தள்ளிவைத்தது.

இரண்டு அமைச்சர்கள் இருக்கிற இடத்தில் இரண்டு மடங்கு மருந்து கிடைக்கும் என்று போர்டுக்காரர் எதிர்பார்க்கவில்லை. ஒரு மடங்காவது கிடைக்கும் என்றுதான் நினைத்தார்.

திங்கட்கிழமை மருந்து வழங்கல் இயக்ககத்திலிருந்து அழைப்பு வந்தது. இயக்குநரே நேரில் பேச வேண்டுமாம். எத்தனையோ அமைச்சர்கள் வந்து போனதை அதே நாற்காலியில் அமர்ந்தபடி பார்த்தவர் இயக்குநர். தாழ்ந்த குரல். ஒழுங்காகக் கத்தரித்த மீசை. பேசும்போது அந்த மீசையை ஒரு விரலால் தடவிக்கொள்வார், அதிலிருந்துதான் வார்த்தை வருவதுபோல.

"மக்கள் அநாவசியமா பதட்டப்படறாங்க" என்றார். "அதனால எல்லா மருந்துக்கடையிலயும் ஒரு போர்டு வைக்கப் போறோம். 'இங்கு மருந்துத் தட்டுப்பாடு இல்லை.' எழுத்து பெரிசா இருக்கணும். பச்சை நிறம். பாத்தாலே பாதி நோய் போயிடணும்."

போர்டுக்காரர் தயங்கினார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுலயே வலிப்பு மாத்திரை கிடைக்கலைங்க."

"கிடைக்கலைங்கிறது வேற. தட்டுப்பாடுங்கிறது வேற." இயக்குநர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "தட்டுப்பாடுன்னா மருந்து இல்லைன்னு அர்த்தம். மருந்து இருக்கு. கிடங்கு நிறைய இருக்கு. மக்கள் கையில இல்லை, அவ்வளவுதான். அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? கிடங்குதான் எங்களோடது. கை அவங்களோடது."

"அப்ப நான் யார்கிட்டங்க சொல்றது?"

"கீழ புகார்ப் பிரிவு இருக்கே. மக்களுக்காகத்தானே வச்சிருக்கோம்."

புகார்ப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். சுத்தமான மேசை. பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

"எந்த மருந்து?"

"வலிப்பு மாத்திரைம்மா."

"என்ன குறை? உடைஞ்சிருக்கா? நிறம் மாறியிருக்கா?"

"இல்லைங்க."

"பூசணம் கீசணம்?"

"இல்லைங்க."

"அப்ப நல்லாத்தானே இருக்கு."

"மாத்திரையே இல்லைங்க. அதுதான் புகார்."

அந்த அம்மா பேனாவை மூடினார். "இருக்கிற மருந்துல குறை இருந்தா எழுதிக்கலாம். இல்லாத மருந்துல நீங்க எப்படிங்க குறை கண்டுபிடிச்சீங்க? ஒரு மாத்திரையைக் கொண்டாந்து காட்டுங்க. அது இல்லைன்னு எழுதிக்கறேன்."

அந்த அம்மா கிண்டல் செய்கிறாரா என்று போர்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். கிண்டலே இல்லை. சட்டம்தான் இருந்தது.

போர்டுக்காரரும் டீச்சரும் டாக்டரிடம் போனார்கள். திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் பயமுறுத்தினார். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதுவும் கடையில் இல்லை. இருப்பதைப் பாதியாக்கி ஓட்டுங்கள், கடவுள் விட்ட வழி என்றார். மருத்துவம் கடவுள் கைக்குப் போனபிறகு அங்கே உட்கார்ந்திருக்க வேலையில்லை, எழுந்து வந்துவிட்டார்கள்.

டீச்சர் சமையலறையில் கத்தியை வைத்து மாத்திரையை நறுக்கினார். "பாதி மாத்திரைக்குப் பாதி வலிப்பு வருமா, இல்ல முழு வலிப்பு பாதி நேரம் வருமா? பிள்ளைங்களுக்கு பின்னம் சொல்லிக்குடுக்கறேன், இது எனக்கே விடை தெரியலை."

போர்டுக்காரர் சிரிக்கவில்லை. கூடத்துச் சுவர் ஓரம் பச்சை எழுத்துப் பலகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கடையில் இடமில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேலைதானே டீச்சர்" என்றார் போர்டுக்காரர். "நான் செய்யலைன்னா இன்னொருத்தன் செய்வான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்தேன்." பலகையைத் திரும்ப இடத்தில் வைத்தார். "எழுத்துப்பிழை இல்லை."

மறுநாளே பலகைகளை மாட்டும் வேலை தொடங்கியது. தங்கள் தெரு மருந்துக்கடைக்குப் போர்டுக்காரர் தானே ஏணியோடு போனார்.

"எங்கண்ணே மாட்டறது?"

"அந்தக் காலி அலமாரிக்கு முன்னாடி மாட்டு" என்றார் மருந்துக்கடைக்காரர். "அதையாவது மறைக்கட்டும்."

ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வந்தது. தலைமை ஆசிரியை பேசினார். டீச்சர் வகுப்பில் விழுந்துவிட்டாராம். போர்டுக்காரர் ஏணியை அங்கேயே விட்டு ஓடினார். பலகை ஒரு ஆணியில் சாய்ந்து தொங்கியது.

ஆசிரியர் அறையில் ஒரு பெஞ்சில் டீச்சரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. புடவையெல்லாம் சாக்பீஸ் தூள். தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. தண்ணீர் கொடுத்தார், விசிறிவிட்டார், அதே மூச்சில், "கொஞ்ச நாள் வீட்டுல ஓய்வா இருங்க" என்றார். எத்தனை நாள் என்று போர்டுக்காரர் கேட்டார். "பெத்தவங்க வந்து கேள்வி கேப்பாங்க பாருங்க" என்று பதில் வந்தது. அது எத்தனை நாள் என்று அவருக்கு விளங்கவில்லை. டீச்சருக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் டீச்சர் சொன்னார்.

"கண்ணைத் திறக்கறேன், வகுப்பு முழுக்க என்னைச் சுத்தி நிக்குது. ஒரு பிள்ளைகூட சத்தம் போடலைங்க. நான் எத்தனை தடவை மேசையைத் தட்டியிருக்கேன், அப்படியொரு அமைதி வந்ததே இல்லை." பின்னந்தலையைத் தொட்டுக் காட்டினார். "ஒரு பொண்ணு தன் பையை என் தலைக்கு அடியில வச்சிருந்தா. சாப்பாட்டு டப்பாவோட. அதான் இங்க வீங்கியிருக்கு."

சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்ததால் பாதியில் விட்டுவிட்டார். போர்டுக்காரர் எழுந்துபோய்ப் பின்கட்டில் நின்றுகொண்டார்.

அடுத்த நாள் அவர் இயக்குநர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். எப்படிப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் முந்திக்கொண்டார்.

"வாங்க வாங்க, உங்களைத்தான் நினைச்சேன். மருந்தை வெளிய விடப் போறோம். அது உங்க கையிலதான் இருக்கு."

போர்டுக்காரருக்கு ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று.

விஷயம் இதுதான். கிடங்கில் இருக்கிற மருந்துப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் போன அமைச்சரின் படம் இருந்தது, கைகூப்பிச் சிரித்தபடி. அவர் போய்விட்டார். போனவர் சிரிக்கும் மருந்தை நோயாளி சாப்பிட்டால் அது நடப்பு அரசாங்கத்துக்கு அவமதிப்பு. எனவே எல்லாப் பெட்டியிலும் அந்தப் படத்தை மறைத்துக் காலை அமைச்சரின் படத்தை ஒட்ட வேண்டும். ஒட்டியவுடன் லாரி கிளம்பிவிடும்.

"மாத்திரைக்குக் காலாவதி தேதி தாண்டிடாதுங்களா?"

"அமைச்சருக்கே காலாவதி தேதி தெரியலை. மாத்திரைக்கு என்ன அவசரம்?" என்றார் இயக்குநர். நகைச்சுவையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

போர்டுக்காரர் ராப்பகலாக அச்சடித்தார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனார். உயரமான தகரக் கூரை. அதைத் தொடுகிற அளவுக்கு அட்டைப்பெட்டிகள். மூன்றாவது வரிசையில் டீச்சரின் மாத்திரை இருந்தது. பெயரை இரண்டு முறை படித்தார். ஊரெல்லாம் தேடின பொருள், எட்டினால் தொடுகிற தூரத்தில், போன அமைச்சரின் பல் தெரிய அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

கிடங்குப் பொறுப்பாளர் பின்னால் வந்து நின்றார். வயதானவர், களைத்த கண்கள்.

"எடுத்துக்கலாம்னு தோணுது, இல்ல?"

போர்டுக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் சர்க்கரை மாத்திரை முடிஞ்சு போச்சு. அஞ்சாவது வரிசை. தினமும் அதுக்கு எதிர்க்கதான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்." பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "படம் ஒட்டாத பெட்டி வெளிய போனா என் வேலை போயிடும். ஒட்டின பெட்டி போனாலும் போகும், யார் படம்ங்கிறதைப் பொறுத்து. உள்ள இருக்கிற வரைக்கும்தான் யாருக்கும் ஆபத்தில்லை."

பாதிப் பெட்டிகளுக்கு ஒட்டி முடித்தபோது மாலை அமைச்சரின் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். காலை அமைச்சரின் படத்தின் மேல் மாலை அமைச்சரின் படம் ஒட்டப்பட வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொண்டார்கள். கையில் தடியும் இருந்தது. போர்டுக்காரர் மறுபடி அச்சடித்தார். அது ஒட்டி முடிவதற்குள் காலை அமைச்சர் பக்கம் இன்னும் பெரிய தடியோடு வந்தது. படத்தின் மேல் படம், சிரிப்பின் மேல் சிரிப்பு. ஒட்ட ஒட்டப் பெட்டிகள் தடித்தன. கடைசியில் எந்தப் பெட்டியும் அதன் அட்டைப்பெட்டிக்குள் திரும்ப நுழையவில்லை. பெரிய அட்டைப்பெட்டிகளுக்கு டெண்டர் விட இயக்ககம் முடிவு செய்தது. டெண்டரில் கையெழுத்துப் போட அமைச்சர் வேண்டும். எந்த அமைச்சர் என்ற கேள்வி எழுந்தது. கிடங்கைப் பூட்டினார்கள்.

இதற்கிடையில் இயக்ககத்தில் இன்னொரு மகிழ்ச்சியான கண்டுபிடிப்பு நடந்தது. நாடு முழுக்க வந்த புகார்களைக் கூட்டிப் பார்த்தபோது, ஒன்றுகூட வரவில்லை என்று தெரிந்தது. இந்தப் பொறுமையைப் பாராட்டாமல் விடுவதா? 'பொறுமைப் பாராட்டு விழா' ஏற்பாடாயிற்று. பள்ளியிலிருந்து விஷயம் எட்டியிருந்ததால் பரிசு பெறுகிறவர்களில் டீச்சரும் ஒருவர். 'வகுப்பறையில் வலிப்பு வந்தும் புகார் அளிக்காத குடிமகள்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

"நான் போகணுமா?" என்றார் டீச்சர்.

"போகலைன்னா அதுவும் புகாராயிடும்."

"அப்ப அதுக்காகவே போகாம இருக்கலாம்." ஆனாலும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டிலேயே உட்கார்ந்திருந்து அலுத்துப்போயிருந்தது.

அரங்கத்தில் குளிர் தூக்கியடித்தது. மேடைக்குப் பின்னால் மிகப் பெரிய பேனர். போர்டுக்காரர் கைவேலைதான். காலை அமைச்சர் படம் போட்டால் மாலை அமைச்சர் ஆட்கள் கிழிப்பார்கள், மாலை அமைச்சர் படம் போட்டால் காலை அமைச்சர் ஆட்கள் கிழிப்பார்கள் என்பதால், வேறு வழியில்லாமல் இயக்குநரின் படத்தைப் போட்டிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு மீசை இருந்தது.

இயக்குநர் பேசினார்.

"மருந்து இருந்தா யாரும் பொறுமையா இருக்கலாம். அதுல பெருமை ஒண்ணும் இல்லை. மருந்து இல்லாமலே பொறுமையா இருக்கீங்க பாருங்க, அது இந்த இயக்ககத்தோட சாதனை. சில பேர் கேக்கறாங்க, நீங்க என்ன செஞ்சீங்கன்னு. நான் பணிவோட சொல்றேன், நாங்க ஒண்ணுமே செய்யலை. எந்த அரசாங்கம் வந்தாலும் ஒண்ணும் செய்யாம நடுநிலையா இருந்தோம். அதனாலதான் இன்னிக்கும் இருக்கோம். அமைச்சர்கள் வருவாங்க, போவாங்க. நோயாளிகளும் அப்படித்தான். நிரந்தரமானது நிர்வாகம் ஒண்ணுதான்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. டீச்சரை அழைத்துக் கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

டீச்சர் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். "கேடயத்துக்கு நன்றி. ரொம்ப கனமா இருக்கு. காலையில பாதி, ராத்திரி பாதின்னு சாப்பிடறதுக்குத்தான் கஷ்டம்."

முதலில் கைதட்டியவர் இயக்குநர். அவர் டீச்சரின் பேச்சைக் கேட்கவில்லை. உடம்பைத் திருப்பிக்கொண்டு பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் டீச்சர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "மேடையில இருந்த நேரம் முழுக்க அந்த மனுஷன் எங்களைப் பாக்கலை. தன் படத்தைத்தான் பாத்துட்டிருந்தார். புதுசா கல்யாணமானவன் பொண்டாட்டியைப் பாக்கற மாதிரி."

போர்டுக்காரர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் இயக்குநர் முன்னால் அவர் மிகப் பணிவாக உட்கார்ந்தார். "ஐயா, பெட்டியில படமே இல்லாம விட்டா என்னங்க?"

"படம் இல்லாம எப்படி?" இயக்குநர் அதிர்ந்துபோனார். "மருந்து யார் கொடுத்ததுன்னு நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? தெரியாமலே குணமாயிட்டான்னா?"

"அதுவும் சரிதாங்க. அப்ப ரெண்டு தரப்புக்கும் பொதுவா, யாரும் கிழிக்காத ஒரு முகம் வேணும்."

"அப்படி யார் இருக்கா இந்த நாட்டுல?"

போர்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநரின் விரல் மெதுவாக மீசைக்குப் போயிற்று.

"சேச்சே" என்றார்.

"விழா பேனரை ஒருத்தரும் கிழிக்கலைங்க."

"சேச்சே." இந்த முறை சத்தம் குறைந்திருந்தது.

"நேத்து பஸ்ஸுல என் வீட்டுக்காரியே அந்தப் படத்தைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாங்க."

இயக்குநர் எழுந்து ஜன்னல் வரை நடந்தார். வெளியே பார்த்தபடி, "சேச்சே" என்று மூன்றாவது முறை சொன்னார். பிறகு திரும்பி, "பேனர்ல காது கொஞ்சம் பெரிசா விழுந்திருந்தது. அதைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

காது சரி செய்யப்பட்டது. பழைய படங்களையெல்லாம் உரித்துவிட்டு ஒட்டியதால் பெட்டிகள் பழைய அட்டைப்பெட்டிகளுக்குள்ளேயே நுழைந்தன. டெண்டர் தேவைப்படவில்லை, கையெழுத்தும் தேவைப்படவில்லை. இத்தனை நாள் நகராத லாரிகள் ஒரே பகலில் கிளம்பின. கிடங்குப் பொறுப்பாளர் ஐந்தாவது வரிசையிலிருந்து தன் பெட்டியை வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று ஒரு மாத்திரையை விழுங்கினார்.

டீச்சர் முழு மாத்திரைக்கு வந்தார். சில வாரங்களில் உடம்பு தேறியது. டாக்டர் பள்ளிக்குப் பேசினார். தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கி வரச் சொன்னார். முதல் நாள் டீச்சர் பயந்துகொண்டேதான் போனார். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. வருகைப் பதிவு முடிந்ததும் வழக்கம்போல் கத்த ஆரம்பித்தார்கள். அவர் வழக்கம்போல் மேசையைத் தட்டினார். யாரும் அடங்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, "பழைய மாதிரியே கத்துதுங்க" என்று சொல்லும்போது டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாட்டில் எல்லா வீட்டிலும் காலையில் வெறும் வயிற்றிலும் இரவில் படுக்கப்போகும் முன்பும் ஜனங்கள் ஒரே முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் நீதிமன்றம் பொறுமையிழந்து இரண்டு தரப்பையும் சமரசமாகப் போகச் சொன்னது. சமரச அரசாங்கத்தில் சுகாதாரத்துக்கு யார் என்பதில் மட்டும் இழுபறி. இரண்டு தரப்புக்கும் பொதுவான, நாடறிந்த முகம் ஒன்று வேண்டியிருந்தது. அது எல்லா வீட்டு அலமாரியிலும் இருந்தது.

இயக்குநர் அமைச்சரானார். பதவியேற்ற கையோடு முதல் உத்தரவு போட்டார். பெட்டிகளில் அவர் படத்துக்குக் கீழே 'இயக்குநர்' என்று அச்சாகியிருந்தது. ஒரு மாண்புமிகு அமைச்சரை வெறும் இயக்குநர் என்று அழைப்பது அந்தப் பதவிக்கே இழுக்கு. ஆகவே எல்லாப் பெட்டிகளையும் உடனே திரும்பப் பெற்று, புதிய பெயரோடு மறுபடி வெளியிட வேண்டும்.

அமைச்சர் அலுவலகத்திலிருந்து போர்டுக்காரருக்குப் போன் வந்தது. புது ஸ்டிக்கர் எப்போது தயாராகும் என்று கேட்டார்கள்.

"ஸ்டிக்கர் தாள் கிடைக்கலைங்க" என்றார் போர்டுக்காரர்.

"தாள் தட்டுப்பாடா?"

"சேச்சே, தட்டுப்பாடெல்லாம் இல்லைங்க. மொத்த வியாபாரி கிடங்குல நிறைய இருக்கு. என் கையில இல்லை, அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருடத் தொழிலில் வந்த வேலையை அவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சரிடம் சொன்னார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

ஆனால் ஸ்டிக்கர் இல்லை என்பதற்காகப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவது நிற்கவில்லை. ஒரு காலையில், டீச்சர் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், இரண்டு அலுவலர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் மூத்தவர், கையில் சாக்குப்பை. இன்னொருவர் இளையவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"மருந்துப் பெட்டியெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. அமைச்சர் உத்தரவு."

போர்டுக்காரருக்கு எல்லாம் கண்முன் வந்தது. மறுபடி கத்தி, மறுபடி பாதி, மறுபடி ஏணியில் நிற்கும்போது ஒரு போன். "சார், அது இல்லாம இவங்களால..." என்று தொடங்கினார்.

"இருங்க" என்றார் டீச்சர். "கொண்டுவரேன்."

உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம், தகர டப்பா மூடுகிற சத்தம். திரும்பி வந்து நான்கு பெட்டிகளை அலுவலர் கையில் வைத்தார். எந்தப் பெட்டியிலும் கீறலில்லை. எல்லாவற்றிலும் மீசை பளபளத்தது.

மூத்தவர் ஒரு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தம் வரவில்லை. இன்னொன்றைக் குலுக்கினார்.

"காலியா இருக்கேம்மா?"

"ஆமாங்க."

மூத்தவர் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை உதட்டசைவோடு படித்தார். பிறகு இளையவரிடம் காட்டினார். இருவரும் சேர்ந்து ஒரு முறை படித்தார்கள்.

"பெட்டின்னுதான் போட்டிருக்கு" என்றார் மூத்தவர். "உள்ள இருக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை."

"எங்க அம்மாவும் நேத்து பெட்டியைத்தான் குடுத்தாங்க சார்" என்றார் இளையவர். சொன்ன பிறகு முகம் சிவந்துபோயிற்று.

மூத்தவர் அவரைப் பார்க்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, முகம் நசுங்காமல் சாக்குப்பையில் அடுக்கினார். "ரொம்ப நன்றிம்மா. நல்லா வச்சிருந்தீங்க. சில வீட்டுல படத்து மேல டம்ளரை எல்லாம் வச்சுடறாங்க."

"தண்ணி குடிக்கறீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"வேண்டாம்மா. இந்தத் தெரு முழுக்கப் பாக்கி இருக்கு." கிளம்பப் போனவர் வாசலில் நின்று திரும்பினார். "மறந்துட்டேன். ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கச் சொன்னாங்க. அமைச்சருக்கு ஏதாவது சொல்லணுமா?"

டீச்சர் ஏற்கெனவே ஒரு மாத்திரையை நாக்கில் வைத்திருந்தார். கையை உயர்த்தி, இருங்கள் என்று காட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். மூன்று ஆண்களும் வாசலில் அசையாமல் காத்து நின்றார்கள்.

"சொல்ல நிறைய இருக்கு" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். "ஆனா எனக்கு முதல் மணி அடிச்சிடும்."

மூவரும் விலகி வழிவிட்டார்கள். டீச்சர் படியிறங்கித் தெருவில் வேகமாக நடந்தார்.